வடிகட்டியை ஏமாற்றிய உயிர்!

செடி, கிருமி, பரம்பரை ஆகிய மூன்றையும் ஆராய்ந்த ஹாலந்து விஞ்ஞானியின் கதை

அது ஒரு புகையிலைச் செடி. இலைகளெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தன. பச்சையும் மஞ்சளும் கலந்து, வர்ணக் கல் பதித்த தரை போல் இருந்தது ஒவ்வோர் இலையும். செடிக்கு நோய்!

ஹாலந்து நாட்டின் டெல்ப்ட் நகரில் ஒரு பேராசிரியர் அந்த இலைகளைப் பறித்தார். கசக்கிப் பிழிந்தார். சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் ஊற்றினார்.

குடிநீரை வடிகட்ட வீடுகளில் மெழுகுவர்த்தி போன்ற வெள்ளைப் பீங்கான் குழாய் வைத்திருப்பார்களே, அதே மாதிரிதான் இதுவும். அதன் துளைகள் மிகவும் நுட்பமானவை. அந்தக் காலத்தில் தெரிந்திருந்த எந்தக் கிருமியும் அதைத் தாண்டி வர முடியாது.

சாறு சொட்டுச் சொட்டாக வடிந்தது. பேராசிரியர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கிருமி இல்லை. கிருமிகளை வளர்க்கும் தட்டில் விட்டுப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை.

பிறகு அந்தச் சாற்றில் சிறிதளவை எடுத்து, நல்ல செடி ஒன்றின் தண்டில் ஊசி மூலம் ஏற்றினார். சில நாட்கள் சென்றன. அந்தச் செடி புதிதாக விட்ட தளிர்களில் அதே வெளுப்பு! அதே திட்டுகள்!

கிருமியே இல்லாத சாற்றில் நோய் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு 1898-ம் ஆண்டில் அவர் சொன்ன விடை, உலகத்துக்கு ஒரு புதிய அறிவைத் தந்தது. "வைரஸ்" என்று இன்று சின்னக் குழந்தையும் சொல்கிறதே, அந்த அறிவின் தொடக்கம் அதுதான்.

அந்தப் பேராசிரியரின் பெயர் மார்ட்டினஸ் வில்லம் பையரிங்க்.

புகையிலை வியாபாரியின் மகன்

பையரிங்க் 1851-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை என்ன தொழில் செய்தார் தெரியுமா? புகையிலை வியாபாரம்!

பிற்காலத்தில் மகனுக்குப் பெரும் புகழ் கொடுத்த புகையிலை, தந்தைக்குச் சோறு போடவில்லை. வியாபாரம் நொடித்துப் போயிற்று. குடும்பம் ஆம்ஸ்டர்டாமை விட்டு வெளியேறியது. தந்தை ரெயில்வேயில் ஒரு சாதாரண வேலையில் சேர்ந்தார்.

மார்ட்டினஸ் கடைக்குட்டி. சிறு வயதில் தந்தையிடமே பாடம் படித்தான். பிறகுதான் பள்ளிக்கூடம். செடி கொடிகள் மீது அவனுக்கு ஆசை அதிகம். ஆனால் மேல்படிப்புக்குப் பணம்? உறவினர் ஒருவர் கை கொடுத்தார். டெல்ப்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ரசாயனம் படித்து 1872-ல் பட்டயம் பெற்றார்.

அங்கே அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். இரண்டு பேரும் தங்கியிருந்த அறையிலேயே ரசாயனப் பரிசோதனை செய்து பார்ப்பார்களாம். அந்த நண்பர் வான்ட் ஹாப். 1901-ம் ஆண்டில் ரசாயனத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றவர் அவர்தான்.

இலையில் ஒரு வீக்கம்

புங்க மரத்து இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில இலைகளில் முண்டும் முடிச்சுமாக வீங்கியிருக்கும். சிறு பூச்சிகள் செய்யும் வேலை அது. உயிருள்ள இலையைத் தங்களுக்கு வீடாக மாற்றிக்கொள்கின்றன.

ஹாலந்து நாட்டு மரங்களிலும் இப்படிப்பட்ட வீக்கங்கள் உண்டு. பையரிங்க் முதலில் ஆராய்ந்தது இவற்றைத்தான். இந்த ஆராய்ச்சிக்காக 1877-ல் லைடன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

ஒரு வகைப் பூச்சி, வில்லோ மரத்து இலையைக் குத்தி அதற்குள் முட்டையிடும். அப்போது ஒரு துளி நீரையும் உள்ளே விடும். இலை வீங்கும். முட்டைதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். பையரிங்க் ஆராய்ந்தார். முட்டை செத்துப் போனாலும் வீக்கம் வளர்ந்தது! தாய்ப்பூச்சி விட்ட துளி நீரே இலையை ஆட்டி வைத்தது.

"ஒரு துளி திரவம், ஒரு செடியின் வளர்ச்சியையே மாற்ற முடியும்." இந்த எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. பிற்காலத்தில் அது அவருக்குக் கை கொடுத்தது. ஓரிடத்தில் சறுக்கவும் வைத்ததோ என்னவோ!

மெண்டலின் கட்டுரை

1876-ல் வாகனிங்கன் என்ற ஊரில் விவசாயப் பள்ளி தொடங்கியது. பையரிங்க் அங்கே ஆசிரியரானார். பாடம் நடத்திய நேரம் போக, கோதுமையிலும் வாற்கோதுமையிலும் ஒரு வகையை இன்னொரு வகையோடு சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கிப் பார்த்தார். தாயின் குணம் எது, தந்தையின் குணம் எது, பேரனுக்குப் போவது எது என்று கவனித்தார்.

இதே வேலையைப் பட்டாணிச் செடிகளில் செய்து, பரம்பரையின் விதிகளைக் கண்டுபிடித்தவர் மெண்டல் என்ற கிறிஸ்தவத் துறவி. 1865-ல் அவர் ஒரு சிறு கூட்டத்தில் அதைச் சொன்னார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. ஆனால் உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1884-ல் மெண்டல் இறந்தபோதும் அவருடைய ஆராய்ச்சியின் பெருமையை யாரும் உணரவில்லை.

அந்தக் கட்டுரையின் பிரதி ஒன்று பையரிங்கிடம் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் டி விரீஸ் என்ற விஞ்ஞானி கலப்பினங்களை ஆராய்ந்து வந்தார். "இவருக்கு இது பயன்படலாம்" என்று நினைத்து, பையரிங்க் அந்தப் பிரதியை அவருக்கு அனுப்பி வைத்தார். இது டி விரீஸின் மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதிய செய்தி.

1900-ம் ஆண்டில் மெண்டலின் விதிகளை உலகத்துக்கு மீண்டும் அறிவித்தவர்களில் டி விரீஸ் ஒருவர்.

வேரில் ஒரு தொழிற்சாலை

1885-ல் பையரிங்க் வேலை மாறினார். டெல்ப்ட் நகரில் ஈஸ்டும் சாராயமும் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் வான் மார்க்கன், தன் ஆலையில் ஒரு கிருமி ஆராய்ச்சியாளர் இருக்க வேண்டும் என்று விரும்பினார். பையரிங்கை அழைத்தார்.

தாவர ஆசிரியர், கிருமி ஆராய்ச்சியாளர் ஆனார். ஆனால் செடியை அவர் மறந்துவிடவில்லை.

உளுந்து, பயறு, துவரை, கடலை விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பாக வரும். நம் விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம் இது. காரணம் என்ன? இந்தச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன. அந்த முடிச்சுகளின் உதவியால்தான் இவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பெறுகின்றன என்று ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர் 1886-ல் எடுத்துச் சொன்னார்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அதுதான். ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நடுவில் தாகத்தால் தவிப்பவன் நிலைதான் அதற்கும்!

அந்த முடிச்சுக்குள் இருந்து வேலை செய்வது யார்? 1888-ல் பையரிங்க் அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து எடுத்து வளர்த்துக் காட்டினார். பிறகு அதையே அவரை இனச் செடிக்குச் செலுத்தினார். வேரில் முடிச்சு வந்தது! சந்தேகம் தீர்ந்தது.

கிருமி காற்றிலுள்ள நைட்ரஜனைச் சமைத்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி, வெயிலில் தயாரித்த சர்க்கரையைக் கிருமிக்குக் கொடுக்கிறது. கிருமி என்றால் நோய்தான் என்று உலகம் பயந்திருந்த காலத்தில், சோறு போடும் கிருமியும் உண்டு என்று காட்டியது இந்த ஆராய்ச்சி. அந்தக் கிருமிக்கு இன்று ரைசோபியம் என்று பெயர்.

வெற்றிலைத் தட்டு வைத்தால்...

1895-ல் டெல்ப்ட் கல்லூரி பையரிங்கைப் பேராசிரியராக அழைத்தது. தான் படித்த இடத்துக்கே திரும்பினார். அவருக்காக ஆராய்ச்சிக்கூடம் ஒன்று கட்டப்பட்டது.

ஒரு கரண்டி மண்ணில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே கூட்டம். அதில் நமக்கு வேண்டிய ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பையரிங்க் ஒரு சுலபமான வழி கண்டார்.

கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவரையும் விசாரிக்க முடியுமா? ஒரு மூலையில் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டால் போதும். அவர்களே வந்து சேர்வார்கள்!

அவர் செய்ததும் இதுதான். நைட்ரஜன் சத்து சிறிதும் சேராத இனிப்பு நீரைத் தயாரித்தார். அதில் தோட்டத்து மண்ணைச் சிறிது போட்டார். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கத் தெரிந்த கிருமி மட்டும்தானே அதில் பெருக முடியும்? அது பெருகியது. 1901-ல் அதற்கு அசட்டோபாக்டர் என்று பெயர் வைத்தார். செடியின் வேரில் குடியேறாமல், தனியாக மண்ணில் வாழ்ந்துகொண்டே இந்த வேலையைச் செய்கிறது அது. அதன் உறவுக் கிருமி ஒன்று டெல்ப்ட் நகரத்துக் கால்வாய் நீரிலேயே கிடைத்தது.

கருப்புச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதை உண்டாக்கும் கிருமியையும் இப்படித்தான் 1895-ல் பிடித்தார். காற்றே இல்லாத இடத்தில் வாழ்ந்து, மண்ணில் புதைந்த இரும்புக் குழாயையும் அரிக்கக் கூடியது அந்த இனம்.

எந்த இடத்தில் எந்தக் கிருமி வாழும்? அந்த இடத்தின் சூழ்நிலைதான் அதைத் தீர்மானிக்கிறது. கிருமிகளை அவை வாழும் இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்துக்கு அடிப்படை போட்டவர்களில் பையரிங்க் முக்கியமானவர்.

உப்பா? உறைமோரா?

இனிப் புகையிலைக்கு வருவோம்.

வாகனிங்கனில் பையரிங்கோடு வேலை பார்த்தவர் மாயர் என்ற ஜெர்மானியர். புகையிலை விவசாயிகள் நஷ்டப்பட்டு வந்து முறையிட, 1879-ல் அவர் இந்த நோயை ஆராயத் தொடங்கினார். நோயுற்ற இலைச் சாற்றை நல்ல செடியில் செலுத்தினால், பத்துச் செடிகளில் ஒன்பதுக்கு நோய் வருவதைக் கண்டார். ஆனால் கிருமி அகப்படவில்லை. பையரிங்கும் தேடிப் பார்த்தார். அவருக்கும் அகப்படவில்லை.

அந்தத் தோல்வியை அவர் மறக்கவில்லை. சொந்த ஆராய்ச்சிக்கூடம் கிடைத்ததும், பழைய கேள்வியைத் திரும்பவும் கையில் எடுத்தார். அப்போது செய்ததுதான் தொடக்கத்தில் சொன்ன பீங்கான் வடிகட்டிப் பரிசோதனை.

வடிகட்டிய சாற்றில் இருப்பது ஏதோ விஷமாக இருக்கலாமே? அதையும் சோதித்தார்.

ஒரு குடம் தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போடுங்கள். அதில் ஒரு கரண்டி எடுத்து இன்னொரு குடத்தில் ஊற்றுங்கள். அதிலிருந்து ஒரு கரண்டி மூன்றாவது குடத்துக்கு. நாலாவது, ஐந்தாவது குடத்தில் உப்புக் கரிக்குமா? கரிக்காது. விஷமும் அப்படித்தான். பிரியப் பிரியக் குறைந்துவிடும்.

ஆனால் உறைமோர்? ஒரு கரண்டி மோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்கும். அந்தத் தயிரில் ஒரு கரண்டி அடுத்த பானையைத் தயிராக்கும். எத்தனை பானை ஆனாலும் வேகம் குறையாது. ஏனென்றால் உறைமோரில் உயிர் இருக்கிறது. அது பெருகுகிறது.

புகையிலைச் சாறு உப்பைப் போல் இருந்ததா, உறைமோரைப் போல் இருந்ததா? உறைமோரைப் போலத்தான்! ஒரு செடியிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று மாற்றிக்கொண்டே போனாலும் நோயின் வலிமை குறையவில்லை.

ஆகவே அது பெருகுகிறது. ஆனால் தட்டில் பெருகவில்லை. பாட்டிலில் பெருகவில்லை. உயிருள்ள செடிக்குள், வளரும் இளம் பாகத்தில் மட்டுமே பெருகுகிறது!

இதற்கு அவர், "உயிருள்ள தொற்றுத் திரவம்" என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். வைரஸ் என்ற பழைய சொல்லையும் கையாண்டார்.

பெருந்தன்மையும் பிழையும்

ரஷ்யாவில் ஐவனோவ்ஸ்கி என்பவர் 1892-லேயே, புகையிலை நோய்ச் சாறு வடிகட்டியைத் தாண்டுவதைக் கண்டிருந்தார். பையரிங்குக்கு அது தெரியாது. தெரிந்ததும், "முதலில் கண்டவர் அவரே" என்று 1899-ல் ஒப்புக்கொண்டார். எனினும் இது கிருமியின் வேலைதான் என்றே ஐவனோவ்ஸ்கி எண்ணியிருந்தார். இது வேறு வகையான ஒன்று என்று துணிந்து சொன்னவர் பையரிங்க்.

அதே 1898-ல் ஜெர்மனியில் லோப்ளர், பிராஷ் என்ற இருவர், மாடுகளைத் தாக்கும் கோமாரி நோயும் வடிகட்டியைத் தாண்டுகிறது என்று கண்டனர். "இது திரவம் அல்ல. மிக மிகச் சிறிய துகள்" என்பது அவர்கள் கருத்து.

பையரிங்க் அப்படி நினைக்கவில்லை. கடற்பாசியைக் காய்ச்சி உறைய வைத்த கூழின் மேல் அந்தச் சாற்றை விட்டார். நோய்ப்பொருள் கூழுக்குள் மெல்ல ஊறி இறங்கியது. துகளாக இருந்தால் மேலேயே நின்றிருக்கும், ஆகவே இது திரவம்தான் என்று முடிவு கட்டினார்.

அங்கேதான் அவர் தவறினார். அந்தத் துகள், கூழின் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளில் புகுந்து போகும் அளவுக்குச் சிறியது!

1935-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி என்பவர் புகையிலை வைரஸைக் கற்கண்டுபோல் படிகமாகப் பிரித்து எடுத்தார். 1946-ல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1939-ல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அதன் உருவத்தைக் காட்டியது. சின்னஞ்சிறு குச்சி! ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் மூவாயிரம் குச்சிகளுக்கு மேல் வரிசையாக வைக்கலாம்.

திரவம் என்றது பிழை. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் என்றது சரி. வைரஸை மற்றக் கிருமிகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த இரண்டாவது உண்மைதான்.

தனி மனிதர்

பையரிங்க் பழகுவதற்கு இனியவர் அல்ல. முன்கோபி. மாணவர்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். கடுஞ்சொல் கேட்டு வருந்தியவர்கள் பலர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விஞ்ஞானிக்குக் கல்யாணம் ஆகாது என்பது அவர் கொள்கை.

ஆனால் அவர் தனியாகச் சாதித்தார் என்று சொல்ல முடியாது. அவருடைய சகோதரிகள் இருவர் அவரோடு வாழ்ந்து வீட்டைக் கவனித்தார்கள். அவர்களில் ஹென்ரியட்டா, அண்ணனோ தம்பியோ என்ற உறவுக்கு மேலாக, அவருடைய ஆராய்ச்சிக்குத் துணையாக நின்றார். மைக்ராஸ்கோப்பில் தெரிந்தவற்றையும் செடிகளையும் அழகான வர்ணப் படங்களாக வரைந்து கொடுத்தவர் அவர். அந்தக் கையும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

வயது ஏறியும் பையரிங்கின் ஆவல் அடங்கவில்லை. கிருமிகளின் குணமும் திடீரென்று மாறி, அந்த மாற்றம் வாரிசுகளுக்குப் போகிறதே, அது எப்படி என்று ஆராய்ந்து 1912-ல் எழுதினார். பரம்பரைக் குணங்களுக்கும், உடலுக்குள் ரசாயன வேலை செய்யும் நொதிகளுக்கும் தொடர்பு உண்டு என்று 1917-ல் எழுதினார். கோதுமை வயலில் எழுந்த கேள்வியை, கிருமியிடமும் கேட்டுப் பார்த்தார் அவர்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. கிருமி உலகை முதலில் கண்ட லூவன்ஹூக்கின் பெயரால் அளிக்கப்படும் பதக்கத்தை 1905-ல் பெற்றார். 1895-ல் அதைப் பெற்றவர் லூயி பாஸ்டர்!

1921-ல் எழுபது வயது நிறைந்தது. சட்டப்படி ஓய்வு பெற வேண்டும். சகோதரிகளுடன் கோர்சல் என்ற கிராமத்துக்குப் போனார். அங்கேயும் செடிகளோடுதான் வாழ்க்கை. 1931-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று காலமானார்.

நம் வயலில் அவர்

ஓய்வு பெற்ற பிறகு, 1925-ல், சுருள் வடிவமான ஒரு மண் கிருமியைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அப்போது அதைப் பெரிதாக யாரும் எண்ணவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பிரேசில் நாட்டில் டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி, புல் இனங்களின் வேரில் அதே இனம் நைட்ரஜன் சேர்க்கும் வேலையைச் செய்வதை எடுத்துக் காட்டினார். 1978-ல் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர் அசோஸ்பைரில்லம்!

நெல் நாற்றை அசோஸ்பைரில்லம் கரைத்த நீரில் நனைத்து நடுகிற தஞ்சாவூர் விவசாயிக்கும், ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து உளுந்து விதையில் பூசி நிழலில் உலர்த்துகிற விவசாயிக்கும் பையரிங்க் என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அவர் தேடிப் பிடித்த உயிர்கள் அவர்கள் வயலில் உழைக்கின்றன.

புகையிலை வைரஸின் கதையும் அதோடு முடியவில்லை. அந்தக் குச்சியின் மேலே புரத உறை. உள்ளே என்ன? பரம்பரைச் செய்தியைத் தாங்கிய ஓர் இழை! அந்த இழை ஒன்றே நோயை உண்டாக்கப் போதும் என்று 1956-ல் நிரூபித்தார்கள். செடியையும் கிருமியையும் பரம்பரையையும் தனித்தனியாக ஆராய்ந்தார் பையரிங்க். அவர் வடித்த அந்தத் துளிச் சாற்றில் மூன்றும் ஒன்றாகவே இருந்தன!

2020-ம் ஆண்டில் கொரோனா வந்தபோது, உலகமே கதவை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது. பகைவன் யார் என்று சில வாரங்களில் விஞ்ஞானிகளால் சொல்ல முடிந்தது. அதற்கான பாதை, நொடித்துப்போன ஒரு புகையிலை வியாபாரியின் மகன் பிழிந்த புகையிலைச் சாற்றிலிருந்து தொடங்கியது.

அடுத்த முறை வயலுக்குப் போனால், ஓர் உளுந்தஞ்செடியை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே வேலை நடக்கிறது என்று பொருள்.

கூலி கேட்காத அந்த வேலைக்காரனைக் குழந்தைகளுக்கும் காட்டுங்கள்!